பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவ

அது கால் சீக்குக்குக் கொடுக்க மாத்திரதான சார்? ஒங்க சட்டப்பைல அட்டை நீட்டிக்கிட்டுத் தெரியுது, அதான் கேட்டேன். சின்னதா, வெள்ளையா... ஆமா, அதேதான். நான் தூரத்துலயே சொல்லிருவேன். ஒங்களுக்கா, வீட்ல உள்ளவங்களுக்கா? ஓ, வீட்டம்மாவுக்கா. ரத்தம் எடுக்க உள்ள போயிருக்காவளா? அப்பம் செத்த நேரம் ஆவும். உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

தப்பா நெனைக்காதிய. மாத்திர எழுதிக் கொடுக்கும்போது டாக்டரம்மா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருப்பாவளே. 'மனசுல ஏதாச்சும் மாத்தம் தெரியுதான்னு பாத்துக்கோங்க'ன்னு. சொன்னாவள்லா? எனக்கும் சொன்னாவ. போன வருசம் ஆனி மாசம், இதே ஆசுபத்திரி, அந்தா அந்த ரூம்ல. நான் பாத்தேன் சார். என்ன மாதிரி எவனும் பாத்திருக்க முடியாது. அப்படிப் பாத்ததுக்குத்தான் இப்பம் இங்க தனியா உக்காந்திருக்கேன்.

எம் பேரு குத்தாலிங்கம். ஊரு தென்காசி. பஸ் டிப்போல முப்பத்தொரு வருசம் சர்வீஸ். மொத பதினேழு வருசம் கண்டக்டர், பொறவு பதினாலு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். வழில பஸ்ஸ நிறுத்தி, முன்வாசல்ல ஏறி நின்னு ஒரு பார்வ பாப்பேன். அம்புட்டுதான். டிக்கெட் எடுக்காதவன் எவன்னு சொல்லிருவேன். அவன் கண்ணு ஜன்னலுக்கு வெளிய போவும். இல்லன்னா உறங்குத மாதிரி நடிப்பான். கழுத்து நரம்பு துடிக்கும் சார். உறங்குதவனுக்கு அது துடிக்காது. பாக்கத் தெரியணும். பாக்கதுக்குத்தான் கவர்மெண்டு எனக்குச் சம்பளம் கொடுத்துது.

எம் பொஞ்சாதி பேரு ஆவுடையம்மாள். கல்யாணமாயி முப்பத்திநாலு வருசம். ஒரே மக, செண்பகா. நாரோயில்ல ஒரு பேங்குல வேலை பாக்கா, மாப்பிள்ளையும் அங்கனதான்.

ஆவுடைக்குக் கல்யாணமான நாள்லேருந்தே இந்தக் கால் சீக்கு உண்டு. சீக்குன்னு நான் நெனைக்கல. வழக்கம்னு நெனச்சேன். படுத்தா கால் அவள இருக்க விடாது. 'வலிக்காட்டி?'ன்னா, 'வலி இல்ல'ன்னுவா. 'எரிச்சலா?'ன்னா, 'அதும் இல்ல'ன்னுவா. 'பொறவு என்னதான்?'னா, 'காலுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்குங்க. எந்திரிச்சு நடந்தா நிக்கி. உக்காந்தா திரும்ப வருது'ன்னுவா. உள்ளுக்குள்ள எறும்பு எப்படி ஊரும்? கால ஒதறிக்கிட்டே கெடப்பா. பொறவு எந்திரிச்சுப் போயி அடுக்களையில சிமிண்டுத் தரையில வெறுங்காலோட மேக்கயும் கெழக்கயும் நடப்பா. நான் விடியுமுன்ன டூட்டிக்குப் போறவன். சத்தம் கேட்டா சள்ளுன்னு விழுவேன். பொறவு கொஞ்ச நாள்ல சத்தம் கேக்கல. என்னன்னு பாத்தா, கொலுச கழத்தி வச்சிட்டா. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்.

ஒரு எடத்துல உக்கார மாட்டா சார். கல்யாண வீட்டுக்குப் போனா, எல்லாப் பொம்பளையளும் பாய்ல உக்காந்திருக்கும், இவ மட்டும் சமையக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பா. சினிமா கெடையாது. பஸ்ஸு கெடையாது. செக்கிங் இன்ஸ்பெக்டர் பொஞ்சாதி பஸ்ல போவ மாட்டான்னா ஊர்ல சிரிக்க மாட்டானா? தூத்துக்குடில அவ அம்மா வீடு. மூணு மணி நேரம். வருசத்துக்கு ஒரு தடவ போறதே பெரும்பாடு. பாவூர்சத்திரத்துல எறங்கி செத்த நேரம் நடப்பா, அடுத்த வண்டி. ஆலங்குளத்துல எறங்குவா, அடுத்த வண்டி. ஒரு கட்டத்துல அவளே சொல்லிட்டா, 'பரவால்ல, நீங்க மட்டும் போயிட்டு வாங்க'ன்னு. போயிட்டு வருவேன்.

போன வருசம் செண்பகாதான் இந்த டாக்டரம்மாவப் பத்திக் கேள்விப்பட்டு, நாளு வாங்கிக் கொடுத்தா. தென்காசிலேருந்து பாளையங்கோட்ட வரைக்கும் ஆவுடை கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்தா. சீட்டு காலியாக் கெடக்கு சார். கண்டக்டர் என்னயும் பாக்கான், அவளயும் பாக்கான். எனக்குத் தல குனிவாப் போச்சு.

டாக்டரம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாவ. சின்ன வயசு, செண்பகா வயசுதான் இருக்கும். ரத்தம் எடுத்தாவ, இரும்புச்சத்து பாத்தாவ. பொறவு, 'இதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரும்மா. நிறைய பேருக்கு இருக்கு'ன்னாவ. ஆவுடை அப்படியே அவிய மொகத்தையே பாத்தா. 'இதுக்கு ஒரு பேரு இருக்கா தாயீ?'ன்னு கேட்டா. கேட்டுட்டு அழுதா. பேரு இருக்கதுக்கு எதுக்கு அழணும்? எனக்கு வெளங்கல.

அப்பந்தான் டாக்டரம்மா எம்பக்கம் திரும்பினாவ. 'சார், இந்த மாத்திரை சிலருக்கு மனசக் கொஞ்சம் மாத்தும். அளவுக்கு மீறின உற்சாகம் வரலாம். தேவையில்லாததெல்லாம் வாங்கலாம். காரணமே இல்லாம ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆசைகள் அதிகமாகலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். அவங்களுக்கே தெரியாது, கூட இருக்கிறவங்கதான் கண்டுபிடிக்கணும். பாத்துக்கோங்க'ன்னாவ. நான் உடனே டைரிய எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டேன். அவிய இன்னும் என்னென்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாவ. எழுதும்போது எனக்குக் காது கேக்காது சார். சர்வீஸ்லயும் அப்படித்தான்.

மாத்திரய நான்தான் வச்சிக்கிட்டேன். சாயந்தரம் வெளக்கு வச்சதும் ஒண்ணு எடுத்து அவ கைல கொடுப்பேன். அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, படுத்தவ அசையல. நான் பதறிட்டேன். மூக்குப் பக்கம் கைய வச்சுப் பாத்தேன். உறங்குதா. காலு ரெண்டும் கட்டயப் போட்ட மாதிரி கெடக்கு. முப்பத்திமூணு வருசத்துல எம் பொஞ்சாதி உறங்கி அன்னைக்குத்தான் சார் பாத்தேன்.

அதோட விட்டிருந்தா நல்லது. பொறவுதான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது.

மொதல்ல பாட்டு. பாத்திரம் தேய்க்கும்போது என்னமோ முணுமுணுப்பு. அவ பாடி நான் கேட்டதே இல்ல. எழுதிக்கிட்டேன். பொறவு சிரிப்பு. பக்கத்து வீட்டு லூர்தம்மா வந்தா அரமணி நேரம் படில உக்காந்து சிரிக்கா. உக்காந்து, சார். எழுதிக்கிட்டேன். பொறவு ஒரு நாள் ரெண்டு சேல எடுத்துட்டு வந்தா. ஒண்ணு பச்ச, ஒண்ணு நீலம். 'எதுக்குட்டி ரெண்டு?'ன்னேன். 'வெளிய போக வரணும்லா'ன்னா. எங்க போவணும் இவளுக்கு? எழுதிக்கிட்டேன்.

சொன்னா நம்ப மாட்டிய, எங்க போனாங்கிய? எங்கயும் போவல. அதான் விசயம்.

ஆடி மாசம் ஒரு நாள் மத்தியானம். எனக்குச் சோறு போட்டு வச்சிட்டு, தல சீவி, பச்சச் சேலயக் கட்டிக்கிட்டு, 'செங்கோட்ட வரைக்கும் போயிட்டு வாறேன்'னா.

'அங்க யாரு இருக்கா?'ன்னேன்.

'யாரும் இல்ல.'

'பொறவு எதுக்கு?'

'சும்மா.'

சும்மாவாம்! முப்பத்தொரு வருசத்துல சும்மா பஸ்ல போற ஆள நான் பாத்ததில்ல. ஒண்ணு வேலைக்குப் போவான், இல்ல வீட்டுக்குப் போவான், இல்ல சாவு வீட்டுக்குப் போவான். இவ டவுன் பஸ்ல ஏறி, செங்கோட்ட போயி, எறங்கி அங்கன ஒரு டீயக் குடிச்சிட்டு, அதே வண்டில திரும்பி வந்துட்டா. பொம்பளையளுக்குத்தான் டவுன் பஸ்ல காசு கெடையாதே. மறுநாள் குத்தாலம். அதுக்கு மறுநாள் சொரண்ட. ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னா அடுத்த வண்டிக்கு நிப்பாளாம். சாயந்தரம் வந்து கதை கதையாச் சொல்லுவா. 'இலஞ்சி தாண்டினதும் வயக்காட்டுல கொக்கு எம்புட்டு இருந்துதுங்கிய? ஒருத்தி கோழிய மடில வச்சிக்கிட்டு வந்தா, அது எஞ் சேலைய கொத்திக்கிட்டே வந்துது'ன்னு. நான் பேப்பர் படிச்சிக்கிட்டிருப்பேன். அவ போனதும் எழுதுவேன். காரணமில்லாத பயணம். பேச்சு அதிகம்.

டாக்டரம்மா சொன்னதுல மூணு வந்தாச்சு பாத்தியளா.

எனக்கும் மனசு இல்லாம இல்ல சார். ஒரு நாள், 'நீங்களும் வாங்களேன், குத்தாலத்துல சாரல் போடுது'ன்னா. எப்படி இருக்கான்னு பக்கத்துல இருந்து பாப்போம்னு போனேன். அவ ஜன்னல்ல, நான் இந்தப்பக்கம். மழைத்தண்ணி உள்ள அடிக்கி, ஷட்டர இழுத்து விடுன்னா, மாட்டேங்கா. மொகமெல்லாம் நனைஞ்சு சிரிக்கா, பச்சப்புள்ள கணக்கா. எறங்கி ரோட்டத் தாண்டும்போது எங் கையப் புடிச்சா. தாண்டினப்புறம் விட்டிருவான்னு பாத்தேன். விடல. அருவிக்கரை வரைக்கும் விடல. அம்பத்தேழு வயசு சார் அவளுக்கு. நாலு பேரு பாக்கான். எனக்கு மேலெல்லாம் என்னமோ மாதிரி ஆயிட்டு. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துது, ஆசைகள் அதிகமாகலாம்னு. வீட்டுக்கு வந்து அதையும் எழுதிட்டேன். 'பொது இடத்தில் கையைப் பிடித்தாள். மாலை 4.20.'

ஏன் சார் அப்படிப் பாக்கிய? எழுதச் சொன்னது டாக்டருதான. சரி, எழுதச் சொல்லல. பாக்கச் சொன்னாவ. ரெண்டும் ஒண்ணுதான.

புரட்டாசில பழைய கண்டக்டர் ஒருத்தன் மார்க்கெட்டுல என்னப் புடிச்சிக்கிட்டான். 'அண்ணாச்சி, ஒங்க வீட்டு மயினி தெனமும் நம்ம வண்டிலதான். அந்த ஜன்னல் சீட்டு அவியளுக்குன்னே ஆயிப்போச்சு. டிப்போல எல்லாரும் பஸ் மயினி, பஸ் மயினின்னுதான் சொல்லுதானுவ'ன்னு சிரிக்கான். பதினாலு வருசம் என்னக் கண்டா நடுங்கின பய. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு.

மறுநாள் அவ கெளம்பினதும் நானும் கெளம்பினேன். ஒரு ஆட்டோ புடிச்சு முன்னால போயி, மேலகரம் ஸ்டாப்புல நின்னேன். வண்டி வந்துது. முன்வாசல்ல ஏறினேன். பழைய பழக்கம், ஒரு பார்வ. மூணாவது சீட்டு, ஜன்னலோரம். தலயக் கம்பில சாச்சு, கண்ண மூடிக்கிட்டு இருக்கா. வாயோரத்துல ஒரு சிரிப்பு. மடில கை ரெண்டும் சும்மா கெடக்கு. நான் போயி முன்னால நின்னு, 'டிக்கெட்'ன்னேன். அந்தக் கொரல்ல சொன்னேன் சார். வண்டியே திரும்பிப் பாத்துது.

கண்ணத் தொறந்தா. என்னக் கண்டதும் வெளையாட்டுக்குச் சொல்லுதேன்னு நெனச்சிட்டா போல. சிரிச்சிக்கிட்டே அந்தக் காசில்லா டிக்கெட்ட எடுத்து நீட்டினா. பக்கத்துல இருந்த பொம்பளையளும் சிரிச்சாளுவ. நான் அத வாங்கிப் பாத்துட்டு, கிழிச்சுக் கீழ போட்டேன். 'எறங்குட்டி'ன்னேன்.

அந்தச் சிரிப்பு எப்படிப் போச்சுன்னு நான் பாத்தேன். ஒரேயடியாப் போவல. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. எறங்கிட்டா. வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். அவ முன்னால, நான் பின்னால.

அன்னைக்கே மாத்திரய நிறுத்திட்டேன். அடுத்து டாக்டரம்மாவப் பாக்க இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் பைத்தியம் புடிச்ச இந்தக் கோட்டிய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? மாத்திரதான் கோட்டி புடிக்க வச்சுது, மாத்திரய நிறுத்தினா கோட்டி போயிரும். இதுக்கு டாக்டர் எதுக்கு? மருந்துக்கடையில வெள்ளையா ஒரு சத்து மாத்திர வாங்கி, பாதியா ஒடச்சு, சாயந்தரம் அவ கைல கொடுத்தேன். கண்ணாடி போடாதவ, வாங்கி முழுங்கிட்டா. அவகிட்டச் சொன்னா பயப்படுவாள்லா, அதான் சொல்லல.

மூணு நாள்தான். பழையபடி ஆயிட்டு. பழையபடிகூட இல்ல, அதவிட மோசம். மொத கால் மட்டுந்தான், இப்பம் கையும் ஒதறுது. பகல்லகூட உக்கார முடியல. நின்னுக்கிட்டே திங்கா, அதும் ரெண்டு வாயி. ஒரு நாள் எங்கிட்ட வந்து, 'ஏங்க, மாத்திர இப்பம் கேக்க மாட்டேங்குதே'ன்னா. 'கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்'னேன். 'இதும் என்னக் கைவிட்டுட்டு போலருக்கே'ன்னா. எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துது. சொல்லிருவோமான்னு வாய் வரைக்கும் வந்துது. சொன்னா திரும்பவும் மாத்திரயக் கேப்பா, திரும்பவும் பஸ்ஸு, திரும்பவும் டிப்போல சிரிப்பான். பேசாம இருந்துட்டேன்.

ஆனா ஒண்ணு சார். வீடு அமைதியாயிட்டு. பாட்டு இல்ல, சிரிப்பு இல்ல, வெளிய போறது இல்ல. லூர்தம்மா வந்தாகூட வாசல்ல நிக்கவச்சே அனுப்பிட்டா. பச்சச் சேலையும் நீலச் சேலையும் மடிச்சு பெட்டிக்கு அடில போயிட்டு. நடந்து நடந்து அலுத்துப்போனா சுவரப் பாத்துப் படுத்துக்கிடுவா. கூப்பிட்டா ஒரு நேரம் பதில் வரும், ஒரு நேரம் வராது. செண்பகா போன்ல கேப்பா, 'அம்மா எப்படியிருக்கா?'ன்னு. 'பஸ் கோட்டி சுத்தமா விட்டுட்டு, பழைய ஆவுடை ஆயிட்டா'ன்னு சொல்லுவேன். சந்தோசமாச் சொல்லுவேன். டைரில எழுத ஒண்ணுமே இல்ல. வெறும் தாளு. பதினாலு வருசம் ரிப்போர்ட் எழுதினவனுக்கு, வெறும் தாளுன்னா என்ன அர்த்தம்? தப்பு ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.

கார்த்திகைல ஒரு நாள். காலைல பத்து, பத்தர இருக்கும். வாசல்ல ஒருத்தன் இவ கையப் புடிச்சிக்கிட்டு நிக்கான். ரயில்வே கேட்டுக்காரன். வடக்கத்தியான், அரைகொறத் தமிழு. 'அம்மா லைன்கிட்ட நின்னாங்க. கூப்டேன், திரும்பல. வண்டி வர்ற டைம். ஓடிப்போய் இழுத்தேன்'னான். சொல்லும்போதும் இவ கைய அவன் விடல சார். இவ வழிய வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கா, காலு மட்டும் நின்ன எடத்துலயே மாறி மாறி மிதிக்கி.

நான் என்ன நெனச்சேன்? சொல்லுங்க பாப்போம். எனக்கு என்ன தோணும்? 'பஸ்ஸு போயி இப்பம் ரயிலாட்டி?'ன்னேன். மாத்திர ஒடம்புல இன்னும் கொஞ்சம் கெடக்கு, அதான் வண்டி பாக்கப் போயிருக்கான்னு நெனச்சேன். அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஆவுடை என்ன ஒரு பார்வ பாத்தா. பதினாலு வருசத்துல எத்தன மொகத்தப் படிச்சிருக்கேன், அந்தப் பார்வைய எனக்குப் படிக்கத் தெரியல. உள்ள போயிட்டா.

ஆவுடை ஒரு மாதிரி இருக்காளேன்னு செண்பகாவுக்குப் போனப் போட்டேன். 'ஒங்கம்மாவுக்கு இப்பம் ரயிலு பாக்க ஆசை வந்துட்டுட்டி, தண்டவாளத்துல போயி நின்னிருக்கா'ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னேன். அவ சிரிக்கல. ரொம்ப மெதுவா, 'யப்பா, அம்மாட்ட போனக் கொடு'ன்னா. அவ வாங்கல. 'யப்பா, நான் வாறவரைக்கும் அம்மாவ விட்டு ஒரு அடி நகராத. குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளிய நில்லு. எங்கிட்டச் சத்தியம் பண்ணு'ன்னா. பண்ணினேன். எதுக்குன்னு அப்பமும் கேக்கல நான்.

சாயந்தரத்துக்குள்ள வந்து நின்னா. வந்ததும் அம்மாவக் கட்டிப் புடிச்சா. பொறவு எங்கிட்ட, 'மாத்திரயக் காட்டு'ன்னா. நான் பீரோவத் தொறந்தேன். ரெண்டு மாசத்து மாத்திர அட்டை பிரிக்காமக் கெடக்கு. அதப் பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா எம் மக. ஆவுடை வாசப்படில நின்னு அந்த அட்டையவே பாத்தா. 'அப்பம் மாத்திர என்னக் கைவிடலயா?'ன்னா. அம்புட்டுதான் சொன்னா.

மறுநாள் காலைல மூணு பேரும் இங்க வந்தோம். நான் டைரியோட வந்தேன். எல்லாத்தையும் வாசிச்சேன். பாட்டு, சிரிப்பு, சேல, பஸ்ஸு, கை புடிச்சது. டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருந்தாவ. கடைசில, 'அவங்க சந்தோஷமா இருந்தாங்களா சார்?'ன்னு கேட்டாவ.

'ஆமா, அதத்தான சொல்லுதேன்'னேன்.

அவிய ஆவுடைகிட்டத் திரும்பி, 'நீங்க ஏம்மா தினமும் பஸ்ல போனீங்க?'ன்னு கேட்டாவ. நானுந்தான் கேட்டேன், சும்மான்னு சொன்னவ. டாக்டரம்மாகிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'உக்கார முடிஞ்சுது தாயீ. ஒரு எடத்துல உக்காந்துக்கிட்டு வெளிய பாக்க முடிஞ்சுது. முப்பது வருசமாச்சு. அது நெசந்தானான்னு தெனமும் போயிப் பாத்துக்கிட்டேன்'னா.

டாக்டரம்மா கண்ணாடியக் கழத்தித் தொடச்சாவ. பொறவு எங்கிட்டச் சொன்னாவ, 'மாத்திரையால வந்த உற்சாகமும் கொஞ்சம் இருந்திருக்கலாம் சார், இல்லன்னு சொல்லல. அத அவங்ககிட்ட கேட்டு, எங்கிட்ட வந்து, சேர்ந்து முடிவு பண்ணியிருக்கணும். இத திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன். நிறுத்தினா மனசு பாதாளத்துக்குப் போயிரும். ரொம்ப சோர்ந்து போனாலும் ஓடி வாங்கன்னு சொன்னேன்'னு. சொன்னாவளாம். டைரியப் பெரட்டிப் பாத்தேன். எழுதல நான்.

இங்கயே எட்டு நாள் வச்சிருந்து பாத்தாவ. மனசு டாக்டர் ஒருத்தரும் வந்தாரு. பொறவு செண்பகா அவள நாரோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. சண்டை ஒண்ணும் போடல. போட்டிருந்தாலும் பரவால்ல, நான் ரெண்டு பேச்சு பேசியிருப்பேன். ஆவுடை பெட்டிய அடுக்கினா, ஏறினா, போயிட்டா. 'எப்பம் வருவ?'ன்னு கேட்டேன். செண்பகாதான், 'பாக்கலாம்பா'ன்னா. மாசம் ஒரு தடவ இங்க காட்டக் கூட்டிட்டு வருவா. அந்தத் தேதிய லூர்தம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு நானும் வருவேன். இது நாலாவது மாசம். தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவேன். மக ஒரு தடவ பாத்துட்டா, தலையத் திருப்பிக்கிட்டா.

எம்மேல தப்பு இருக்குன்னா சொல்லுங்க சார். நான் குடிச்சனா? அடிச்சனா? பாக்கச் சொன்னாவ, பாத்தேன்.

அந்தா... வந்துட்டாவ. திரும்பிப் பாக்காதிய. பச்சச் சேல. பக்கத்துல மக. சோறு எறங்குது போலருக்கு, கன்னம் கொஞ்சம் வச்சிருக்கு. செத்த இருங்க சார். இங்கதான் வாறா. மகளக் கவுண்டருக்குப் போவச் சொல்லிட்டு, இங்கதான் வாறா.

*

பாத்தியள்லா. நீங்களும் இங்கனதான இருந்திய. அவதான்.

அவளா வந்து உக்காந்தா. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு நாற்காலிய விட்டுட்டு உக்காந்தா. பைய மடில வச்சிக்கிட்டு, ஆடாம அசையாம. நாலு மாசமா என்னென்னமோ பேசணும்னு நெனச்சு வச்சிருந்தேன் சார். வீட்ல தனியா இருக்கும்போது சத்தம்போட்டுப் பேசிக்கூடப் பாத்திருக்கேன். 'காலு எப்படியிருக்கு?'ன்னு மட்டுந்தான் கேட்டேன். கேட்டது ஒங்களுக்குக் கேட்டுதா? எங் கொரலு எனக்கே கேக்கல.

அவ திரும்பி என்னப் பாத்தா. எவ்வளவு நேரம் பாத்தா பாத்தியளா? 'பரவால்ல'ன்னா.

அதுக்குள்ள அந்த நர்ஸ் வந்து, 'ஆவுடையம்மாள்! கூட வந்தது யாரு?'ன்னுட்டா. நான் எந்திரிச்சிட்டேன். ஏன் எந்திரிச்சேன்னு எனக்கே தெரியல. அவ எம்பக்கம் பாக்கல. 'எம் மக வந்திருக்கா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

இல்ல சார், தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன்.

பரவால்லன்னா என்ன சார் அர்த்தம்? எத்தன ஆயிரம் தடவ சொல்லியிருப்பா அத. 'பரவால்ல, நீங்க உறங்குங்க.' 'பரவால்ல, நான் நின்னுக்கிடுதேன்.' எல்லாத்தையும் ஒண்ணுபோலத்தான் சொல்லியிருக்கா. அதுல எது நெசமாவே பரவால்ல, எது இல்லன்னு இப்பம் உக்காந்து யோசிக்கேன். தெரியல சார். ஒண்ணுகூடத் தெரியல.

அந்தா, ஒங்க வீட்டம்மா வெளிய வாறாவ. பஞ்ச அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ஒங்களத்தான் தேடுதாவ. என்னமோ சொல்லுதாவ பாருங்க. எனக்கு இங்க காதுல விழல. எந்திரிங்க சார். போயிக் கேளுங்க.